கம்பி சாரின் வலது கை

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே சொந்த வலது கைக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் கம்பி சார்தான். தொண்ணூறுகளில் மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றில் நான் சர்வர். அவர் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, வெள்ளைக்காரர்கள் காபி குடிக்கும் சாயங்கால நேரத்தில் கிடார் வாசிப்பார். கம்பியை மீட்டுவதற்காக வலது கையில் நகம் வளர்த்திருந்தார். அந்த நகத்துக்காக இட்லியை ஸ்பூனில் தின்பார். யாருக்கும் கை கொடுக்க மாட்டார். கும்பிடும்போதுகூட இரண்டு கைக்கும் நடுவே ஒரு பந்து வைக்க இடம் விடுவார்.

சினிமாப் பாட்டே கிடையாது. எல்லாம் வெளிநாட்டு மெட்டு. மெட்டுப் போட்டவரின் வீட்டுக் கதையை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்.

"இது இத்தாலிக்காரரு போட்டது, நைனா. மனுசனுக்கு நெஞ்சு சளி. ராவெல்லாம் தூக்கமே கெடையாது."

பேரெல்லாம் எனக்கு வாயில் நுழையாது. சளி மட்டும் மனதில் நின்றுவிடும். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்குக் கவலைப்படுவது மட்டும் நன்றாக வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"இத்தாலிக்காரருக்கு இப்ப தேவலையா சார்?"

"அவரு பூட்டாரே! நூறு வருசத்துக்கு மேல ஆவுது."

"இன்னா சார், இப்ப சொல்றே? நேத்துதான் அவருக்காகப் புள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சேன்! ஸ்பெயின்காரரு?"

"அவரும்தான்."

"பொண்ண பறிகுடுத்தாரே, அவரு?"

"யாருமே இல்ல நைனா."

ஒரே சாயங்காலத்தில் அத்தனை சாவு. யார் காபியை எந்த மேஜையில் வைத்தேன் என்றே தெரியவில்லை.

மேனேஜர் இதற்குள் சினிமாப் பாட்டு வாசிக்கும் ஒரு கீபோர்டுக்காரனைப் பேசி வைத்திருந்தார். "ஞாயித்துக்கெழம மொதலாளி வராரு. கம்பி வாசிக்கிறதுக்கு அவரு தலையாட்டினா சரி. இல்லாட்டி கீபோர்டுதான்" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பி சார் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். பஸ் படியிலிருந்து விழப்போனவரைக் கண்டக்டர் வலது கையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார். உயிர் தப்பியது, நகம் தப்பவில்லை.

"புடிக்கிறதுக்கு வேற எடமா கெடைக்கல அந்தாளுக்கு? காதப் புடிச்சு இஸ்துருக்கலாமில்ல!"

கீபோர்டுக்காரன் வேறு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தான்.

"சார், அந்த ஸ்பெயின்காரருக்கெல்லாம் நகம் ஒடையவே இல்லியா? அப்ப அவரு இன்னா பண்ணாரு?"

கம்பி சார் என்னையே பார்த்தார். "கடைசி காலத்துல அவரு மொத்தத்தையும் வெட்டிட்டாரு. வெறும் விரல்லதான் வாசிச்சாரு."

நகவெட்டி கேட்டார். கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

வாசித்தார். சத்தம் முதல் மேஜைக்கே எட்டவில்லை.

"இன்னாய்யா, வாசிக்கிறானா, தொடைக்கிறானா?" என்றார் முதலாளி.

நான் ஃபேன்களை நிறுத்தினேன். மேனேஜர் முறைத்தார். வெள்ளைக்காரர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு போய் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். என்னமோ ஏதோ என்று முதலாளியும் கிட்டே போய், வியர்க்க வியர்க்கக் கேட்டார். அவர் தலையாட்டினாரா, வியர்வையை உதறினாரா என்று எனக்குப் புரியவில்லை. மேனேஜருக்கும் புரியவில்லை. எதற்கு வம்பு என்று கீபோர்டுக்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கம்பி சார் சிவந்துபோன விரல்களை ஊதிக்கொண்டே கேட்டார். "எப்டி கீது நைனா?"

"ஒண்ணும் புரியல சார். இன்னொரு தபா வாசி."