நடுவில் ஒருத்தர்

ஸ்கேல் போட்ட சுவர் இன்னும் திரையில் வரவில்லை.

கட்டட வரைபட ஆபீசில் 'ஸ்கேல்' என்ற பட்டப்பெயர்தான் அவருக்குப் பெயர். ஒரு கோடு கோணலாகப் போட்டதில்லை. ஒரு மனுஷனைச் சந்தேகப்படாமல் நம்பியதும் இல்லை. காலையில் எல்லாருக்கும் புது லேப்டாப் கொடுத்த மேனேஜர், "இதுல வேலை செய்யத் தெரியாதவங்க நமக்கு எதுக்கு?" என்று சிரித்ததிலிருந்தே ஸ்கேல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மாடிவீட்டு பிளான் போகாவிட்டால் வேலைக்கே உலை.

"ஏன்யா இப்படி இழுக்குது?"

சிஸ்டம்காரர் எட்டிப் பார்த்தார். "இது ஏஆர்எம்னு புது ரகப் பிராசசர் சார். உங்க சாஃப்ட்வேர் பழைய ரகத்துக்கு எழுதினது. நடுவுல எமுலேட்டர்னு ஒண்ணு உட்கார்ந்து, நீங்க சொல்றதை இதுக்குப் புரியற மாதிரி மாத்திச் சொல்லுது."

"நடுவுலயா? என் கோட்டை இன்னொருத்தர் பார்த்துட்டுதான் விடறாரா? யாரு, மேனேஜருக்கு வேண்டப்பட்டவரா?"

"ஐயோ, அது ஆள் இல்ல சார்! வெறும் புரோகிராம்."

மாட்டிக்கொண்டால் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

சுவர் ஒருவழியாக வந்து சேர்ந்தது. சேமிக்கப் போனால், சாஃப்ட்வேரின் சாவியைச் செருகச் சொன்னது. பென்டிரைவ் மாதிரி இருக்கும் அந்தச் சாவி செருகியபடியேதான் இருந்தது.

"சாவியை அடையாளம் காட்டற டிரைவர் புரோகிராம் மட்டும் எமுலேட்டர்ல ஓடாது சார். சாவியே கேக்காத புது வெர்ஷன் போட்டுடறேன்."

போட்டார். பிளான் திறந்தது. மாடி இருந்தது, படிக்கட்டைக் காணோம்.

"குடியிருக்கறவன் பறந்தா போவான்?" என்று கத்திய ஸ்கேல், பக்கத்து மேஜை எஸ்டிமேட் அக்காவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு எப்படிக்கா ஓடுது?"

"எனக்கென்ன, ஜம்முனு ஓடுது!" என்று அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு நழுவினாள். காலையிலிருந்து இதே வேலை. வெளியே போவாள், முடித்த கணக்கோடு திரும்புவாள். எதிர் மேஜை இன்ஜினியரும் அப்படித்தான். எல்லாரும் கூடிப் பேசித் தனக்குக் குழி பறிக்கிறார்கள் என்பதில் அவருக்கு இனிச் சந்தேகமே இல்லை.

மேனேஜர் தலையை நீட்டினார். "எப்படி, புது லேப்டாப் பழகிடுச்சா?"

"வெண்ணெய்யா வழுக்குது சார்!"

மேனேஜர் முகம் சுண்டிப்போனது. தலையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நாம் தோற்கவில்லையே என்று எரிச்சல் போலிருக்கு, இருக்கட்டும்!

அப்போதுதான் பொறி தட்டியது. கீழே ஸ்டோர் ரூமில் பழைய லேப்டாப் ஒன்று கிடந்ததே! சாவியைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு, யாரும் பார்க்காதபடி சுவரோரமாகப் பூனைபோல் இறங்கினார்.

ஸ்டோர்க்காரர் கதவை மறித்து நின்றார்.

"பழைய லேப்டாப்... சும்மா ஒரு தடவை பார்க்கலாம்னு..." ஸ்கேலுக்கு நாக்குக் குழறியது.

"வரிசையில உட்காருங்க சார்" என்று ஸ்டோர்க்காரர் பெஞ்சைக் காட்டினார். "எஸ்டிமேட் அக்கா, இன்ஜினியர், அப்புறம் நீங்க. ஆனா உள்ள இருக்கற மேனேஜர் எழுந்தாத்தான் யாருக்குமே!"