கடைசிப் பந்திக்குக் காத்திருந்த ஏரி

மழை பெய்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரோடு மூன்று வருஷம் நான் உத்தியோகம் பார்த்திருக்கிறேன். தூறல் விழுந்தால் ஊரே வாசலுக்கு ஓடிவந்து கையை நீட்டும். அவர் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்த்து, "வந்துட்டாரு பெரிய மனுசரு" என்று சலித்துக்கொள்வார்.

யுத்தம் ஆரம்பித்திருந்த சமயம் அது. தருமபுரிப் பக்கமெல்லாம் அப்போது சேலம் ஜில்லாவில் சேர்ந்திருந்தது. பொம்மிடி ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஓடு சரிந்த ஒரு கட்டடத்தில், ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் சின்ன ஆபீஸ். அதில் நான், வெளியூரிலிருந்து தனியாக வந்து சேர்ந்த குமாஸ்தா. எனக்கு மேலே ஓர் ஓவர்சியர். எனக்குக் கீழே ஒரு லஸ்கர். லஸ்கர் என்றால் மதகைக் காவல் காத்து, தினமும் காலையில் ஏரியில் நட்டிருக்கும் அளவுகல்லைப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடி என்று வந்து சொல்லும் சிப்பந்தி. வத்தல்மலைப் பக்கமிருந்து வரும் ஓடை ஒன்று அந்த ஏரியில் விழும். ஊர் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் கோபக்காரர்கள்.

லஸ்கருக்குச் சம்பளப் பட்டியலில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவருக்கு 'முக்காலடி' என்றுதான் பெயர். காரணம் சுலபம். இரண்டு வருஷமாக மழை பொய்த்து ஏரி வறண்டுவிட்டது. மதகின் அடியில் ஓர் ஊற்று மட்டும் கசிந்துகொண்டிருந்ததால், அளவுகல்லைச் சுற்றிக் குட்டைபோல் கொஞ்சம் தண்ணீர். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இவர் தினமும் நாலு மைல் நடந்து ஆபீசுக்கு வருவார். தலைப்பாகையைச் சரிசெய்வார். டவாலிப் பட்டையில் குத்திய சர்க்கார் வில்லையைத் துடைத்துக்கொள்வார். என் மேஜை முன்னால் விறைப்பாக நின்று, "முக்காலடிங்க" என்பார். திரும்பி நாலு மைல் நடப்பார்.

எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏன்யா, தினமும் அதேதானே? நாளைக்கும் முக்காலடி என்று இன்றைக்கே சொல்லிவிட்டுப் போகக்கூடாதா?"

"நாளைக்கி நான் இன்னும் பாக்கலீங்களே, ரைட்டரய்யா."

"பார்க்க அங்கே என்ன இருக்கிறது? தண்ணீரே இல்லை."

"இல்லைங்கறதையும் ஒருத்தரு போயிப் பாக்கணுமில்லீங்களா?"

இப்படிப்பட்ட ஆசாமியிடம் என்ன பேச முடியும்? நான் பேனாவை எடுத்து முக்காலடி என்று எழுதினேன்.

ஒருநாள் காலையில் அவர் வரவேயில்லை. பகல் இரண்டு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தார். ஏன் தாமதம் என்று ஓவர்சியர் எழுத்து மூலமாக விளக்கம் கேட்கச் சொன்னார். முக்காலடிக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். 'காலையில் அளவுகல்லருகே எருமை ஒன்று இறங்கிப் படுத்திருந்தது. எருமை படுத்தால் தண்ணீர் அரை விரற்கடை ஏறுகிறது. எழுப்பியும் எழவில்லை. அதுவாக எழுந்து போகும்வரை காத்திருந்து அளவெடுத்தேன். இனிமேல் எருமையைச் சேர்த்து அளப்பதா, கழித்து அளப்பதா என்று உத்தரவாக வேண்டும்.' ஓவர்சியர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, உத்தரவு எதுவும் போடாமல் வெற்றிலை போடப் போய்விட்டார்.

ஓவர்சியர் பொல்லாதவர் அல்ல. மேலிடத்துக்கு அனுப்பும் காகிதம் பார்வையாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். "முக்காலடி முக்காலடி என்று எழுதி அலுத்துவிட்டது. ஒரு அடி என்று போட்டுக்கொள்ளலாமாய்யா?" என்று ஒருதடவை தேன் ஒழுகக் கேட்டார்.

"தாராளமாப் போட்டுக்கலாமுங்க, எசமாங்க. அந்தக் கல்லைப் புடுங்கிக் காலடி கீழ எறக்கி நட்டுட்டுப் போட்டுக்கலாமுங்க."

அதற்குப் பிறகு ஓவர்சியர் அவரிடம் தேன் ஒழுகப் பேசியதில்லை.

ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக் கடையிலும் இவர் வந்தால் கடைக்காரர் கலங்குவார். டம்ளரைக் கையில் வாங்கியதும் கண்ணருகே தூக்கிப் பிடித்து, "நேத்தைக்கு இன்னிக்கி அரை வெரக்கடை எறங்கியிருக்குதுங்க" என்று நாலு பேர் காதில் விழச் சொல்வார். கடைக்காரர் பேசாமல் ஊற்றி நிரப்பிவிடுவார்.

இப்படியிருக்கையில், இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு ஐப்பசியில் மழை வந்தது. வந்தது என்றால் சாதாரணமாக அல்ல. மூன்று நாள் விட்டுவிட்டுக் கொட்டியது. ஆபீஸ் முற்றத்தில் இருந்த மழைமானிக் குப்பி நிரம்பி வழிந்தது. ஓவர்சியர் சின்னப் பையன்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று நனைந்தார். நானும் நனைந்தேன். மூன்றாம் நாள் பகலில் முக்காலடி வந்து நின்றார். தலைப்பாகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"முக்காலடிங்க."

ஓவர்சியர் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். "யோவ், உனக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா? மூன்று நாள் மழைய்யா! தூங்கிவிட்டுப் பழைய பல்லவியைப் பாடுகிறாயா?"

"தூங்கலீங்க. பாத்துட்டுத்தான் சொல்றேனுங்க. கல்லு முக்காலடி காட்டுது."

"ரைட்டர், நீர் கணக்குப் போடும்" என்று என் பக்கம் திரும்பினார் ஓவர்சியர்.

எனக்குக் கணக்கு என்றால் உயிர். பெய்த மழை இத்தனை அங்குலம், மலையடியிலிருந்து ஏரிவரை நிலம் இத்தனை சதுர மைல், ஏரியின் பரப்பு இவ்வளவு என்று பெருக்கி வகுத்து, ஐந்தேகால் அடி என்று விடை கண்டேன். விடை அழகாக வந்துவிட்டால் அது உண்மை என்று நினைக்கிற வயசு எனக்கு. ரிஜிஸ்தரில் அன்றைய தேதிக்கு நேராக, என் கையால், ஐந்தேகால் அடி என்று எழுதினேன். முக்காலடி அதை எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்க வராது, ஆனால் எழுத்தின் நீளம் தெரியும்.

"நான் சொன்னது இவ்ளோ நீட்டு இல்லீங்களே" என்றார்.

"நாளைக் காலையில் ஊரில் தண்டோரா போடச் சொல்லுகிறேன். ஏரிக்குத் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விடலாம்" என்றார் ஓவர்சியர்.

முக்காலடியின் முகம் அப்போது போன போக்கை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அவர் கும்பிடுகூடப் போடாமல் மழையில் இறங்கி நடந்தார்.

மறுநாள் காலை தண்டோராக்காரன் தப்பட்டையோடு திரும்பி வந்துவிட்டான். "சாமி, நம்ம லஸ்கரு கவுண்டரு வூட்டுல வெத நெல்லு மூட்டை மேல ஏறி ஒக்காந்துகிட்டு எறங்க மாட்டேங்கறாருங்க!" ஓவர்சியர் கண் சிவந்து, வேலை நீக்க உத்தரவு ஒன்றை எழுதச் சொல்லி, அதை என் கையிலேயே கொடுத்து அனுப்பினார். குடையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நாலு மைல் போனேன். வழியெல்லாம் முக்காலடியைத் திட்டிக்கொண்டே போனேன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஊர்க்கவுண்டர் வீட்டில் விதை நெல்லைத் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகுதான் மற்றவர்கள் ஊறப்போடுவார்கள். அவர் வீடு தொடங்காவிட்டால் ஊரில் ஒரு பிடி நனையாது. முக்காலடி சரியான இடம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். அடுக்கியிருந்த மூட்டைகளின் உச்சியில், தலை உத்தரத்தில் இடிக்க, டவாலி வில்லை மினுக்க, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஊரே கூடியிருந்தது. இழுத்துத் தள்ள யாருக்கும் துணிச்சல் இல்லை. சர்க்கார் வில்லை மேல் கை பட்டால் கேஸாகிவிடும் என்று பயம்.

கவுண்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "வாங்க ரைட்டரே. நல்ல நேரத்துல வந்தீங்க. ரெண்டு வருசமாக் களியும் கம்பங்கூழுமாக் காலந் தள்றோம். புள்ளைங்க பசின்னு அழுதப்பக்கூட இந்த மூட்டையை நாங்க பிரிக்கலை. ஊருக்கே வெத நெல்லு இவ்ளோதானுங்க. நாத்து வுட்டு, அப்புறம் தண்ணி இல்லாமக் கருகிப்போச்சுன்னா அடுத்த வெதைக்கு நாங்க எங்க போறது? ஆபீசுல அஞ்சேகால் அடிங்கறாங்க. இவன் முக்காலடிங்கறான். நீங்க எழுதுறவங்க. உங்க வாயால சொல்லுங்க. எத்தனை அடி?"

சட்டைப் பையில் வேலை நீக்க உத்தரவு. எதிரே அத்தனை கண்கள். மேலே மூட்டை உச்சியிலிருந்து இரண்டு கண்கள்.

"நான் ஏரியைப் பார்க்கவில்லை. கணக்குப் போட்டுத்தான் எழுதினேன்" என்றேன்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப எல்லாரும் நடங்க, பாத்துட்டு வருவோம்." முக்காலடி அப்போதுதான் இறங்கினார்.

ஏரிக்கரை ஏறிப் பார்த்தோம். ஏரிக்குள் அங்கங்கே ஈரம், சில இடத்தில் சேறு. மதகடியில் அதே குட்டை. அளவுகல் முக்காலடி. ஏரி மண் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் என் குடையை விட்டேன். பிடிவரை உள்ளே போய்விட்டது.

"டேய், மதகைத் தொறந்து வுட்டுட்டியா?" என்றார் கவுண்டர்.

முக்காலடி அவரை மதகு வாய்க்கு அழைத்துப் போனார். அங்கே சிலந்தி வலை ஒரு நூல் அறாமல் இருந்தது. "அப்ப பேஞ்ச மழையெல்லாம் எங்கதான்டா போச்சு?"

"வாங்க, காட்டறேனுங்க."

ஓடையோடு மேலே நடந்தோம். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை அறிமுகம் செய்துவைப்பதுபோல முக்காலடி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். "மொதப் பந்தி, மானாவாரிக் காடுங்க. ரெண்டு வருசப் பசி. எவ்ளோ ஊத்துனாலும் உள்ள இழுத்துக்கும். ரெண்டாம் பந்தி, இந்த ஊத்துக்குழிங்க. பொம்பளைங்க குடிதண்ணிக்கு ஓடை மணல்ல தோண்டினது. எண்ணிப் பாத்தா நூத்துக்கு மேல இருக்குது. மூணாம் பந்தி, வரப்பை ஒசத்திக் கட்டிகிட்ட தோட்டக்காரங்க. ஒரு சொட்டை வெளிய வுட மாட்டாங்க." அடுத்து ஒரு பெரிய புதுக் குட்டை. அதில் பாதிக்குத் தண்ணீர் நின்றது. "இது ஆருதுன்னு நான் சொல்ல மாட்டேனுங்க" என்றார்.

கவுண்டர் பெரிதாக இருமினார். போன கோடையில் அதை வெட்டியவர் அவரேதான். கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"பொண்ணு வூட்டுக்காரங்க கடைசிப் பந்தியிலதானே ஒக்காருவாங்க? ஏரியும் அப்பிடித்தானுங்க. எல்லாரும் தின்னு ஏப்பம் வுட்டப்பறந்தான் அதுக்கு எலை போடுவாங்க. இன்னும் ரெண்டு மழை நல்லாப் பேயட்டும். நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் மூட்டையைத் தொடாதீங்க."

கவுண்டர் முக்காலடியின் தோளில் கையை வைத்து, "வா, வூட்டுல ஒரு வாய் களி தின்னுட்டுப் போ" என்றார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஊரின் விதை நெல்லை ஒரு பேனாவால் அழிக்க இருந்தவன் நான். நல்லவேளை, அந்த மூட்டை மேல் ஒரு கிறுக்கர் ஏறி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்த உத்தரவை நாலாகக் கிழித்து ஓடையில் போட்டேன். ஆபீசுக்குத் திரும்பி, ஓவர்சியர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அன்றைய தேதிக்கு முக்காலடி என்று எழுதினேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். "வேண்டுமானால் நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், சார்" என்றேன். எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு மழை, அதற்கடுத்து ஒரு மழை. அளவுகல் ஒன்றானது, இரண்டானது, நான்கானது. முக்காலடியே ஊருக்குப் போய்ச் சொன்னார். கவுண்டர் வீட்டில் மூட்டை பிரிந்தது. ஒரு வாரத்தில் நாற்றங்கால் கிளிப்பச்சையாக எழுந்து நின்றது. ஊரில் பெண்கள் குலவையிட்டார்கள். நான் திருட்டுத்தனமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெரிய என்ஜினியர் ரயிலில் வந்து இறங்கியது அப்போதுதான். ஏரியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு, ஆபீசில் உட்கார்ந்து ரிஜிஸ்தரைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஒரு நாள் ஐந்தேகால் அடி. மறுநாள் முக்கால் அடி. ஒரே நாளில் நாலரை அடித் தண்ணீர் எங்கே போயிற்று? யார் மதகைத் திறந்தது?"

ஓவர்சியர் உத்தரத்தில் பல்லி தேடினார். என் வேலை அன்றோடு சரி என்று தெரிந்தது. "சார், அது நான்..." என்று தொடங்கினேன். என் கால் கட்டைவிரல் மேல் ஆணி அடித்த செருப்புக் கால் ஒன்று அழுத்தமாக ஏறி நின்றது. வலியில் வாய் மூடிக்கொண்டது.

"எசமாங்க, அது நான் தப்பாப் பாத்துச் சொன்னதுங்க. மழைத் தண்ணி கண்ணுல வுழுந்து கல்லு சரியாத் தெரியலீங்க. ரைட்டரய்யா நான் சொன்னதைத்தான் எழுதினாரு" என்றார் முக்காலடி.

எருமை எழும்வரை காத்திருந்து அளந்த மனிதர். அவர் வாயிலிருந்து பொய் வருவதை அன்றுதான் கேட்டேன்.

என்ஜினியர் அவரைப் பத்து நிமிஷம் விளாசினார். கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். ஒரு மெமோ எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லிவிட்டு ரயிலேறிப் போனார். அந்த மெமோவை நான்தான் எழுத வேண்டியிருந்தது. 'கவனக்குறைவாக அளவெடுத்ததற்காக' என்ற இடத்தில் பேனா நகரவில்லை.

"எழுதுங்க ரைட்டரய்யா. எனக்குத்தான் படிக்க வராதே" என்று விரலில் மையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார்.

"ஏன்யா இப்படிச் செய்தீர்?"

"என்னை வேலையை வுட்டு அனுப்பினா நாளைக்கி அந்தக் கல்லைப் பாக்க இங்க வேற ஆளு இல்லீங்க. அதனால அனுப்ப மாட்டாங்க. உங்களை அனுப்பிடுவாங்க" என்றார். சொல்லிவிட்டு மெமோவின் அடியில் கட்டைவிரலைப் பதித்தார்.

அந்தப் பக்கத்தில் எனக்குச் சொந்தக்காரர் என்று ஒருத்தரும் இல்லையென்று அதுவரை நினைத்திருந்தேன்.