நான் கையெழுத்திடாத படிவம்

கையெழுத்துப் போடுவதில்லை என்று நான் முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு. என் திருமண வாழ்க்கையில் நானாக எடுத்த முடிவுகளில் அது மூன்றாவது. முதல் இரண்டையும் பியூலா ஊரில் இல்லாதபோது எடுத்தேன். அவள் வந்ததும் ரத்தாகிவிட்டன.

படிவம் சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் இருந்தது. பியூலா தோளில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் புத்தகப் பை மாட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் இருந்தது. என்னைத் தொந்தரவு செய்தது அதுதான்.

“என்னங்க, அந்த ஃபாரத்தைப் படிச்சுப் பாருங்க. சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா வேணாம்.”

“என்ன ஃபாரம்?”

“காலேஜ்ல குடுத்தது. முழுசாப் படிங்க. படிக்காமப் போட்டுடாதீங்க.”

“முப்பத்தொரு வருஷமா ஃபைல் பார்க்கிறவன்கிட்ட இதைச் சொல்றியா?”

“அதனாலதான் சொல்றேன்.”

போய்விட்டாள்.

நான் வேதசிரோமணி. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகக் கண்காணிப்பாளர். எங்கள் அலுவலகத்தில் யாரும் எந்தக் காகிதத்தையும் முழுதாகப் படிப்பதில்லை. மேலே தலைப்பைப் பார்ப்போம். கீழே கையெழுத்து எங்கே என்று பார்ப்போம். நடுவில் இருப்பதைப் படித்தால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் குறிப்பு எழுத வேண்டும். எழுதிய குறிப்பு சுற்றிவிட்டு நம் மேஜைக்கே திரும்பி வரும். ஆகவே அன்றும் தலைப்பைப் பார்த்தேன். ‘சம்மதப் படிவம்’ என்று தமிழில் இருந்தது. கடைசியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. இடையில் இரண்டு பக்கம் பொடி எழுத்து ஆங்கிலம்.

எனக்குப் புரிந்துவிட்டது. மனைவி படிக்கப் போகிறாள், கணவனின் சம்மதம் கேட்கிறார்கள். பியூலா வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானே? மனைவியை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒருவர் காகிதத்தோடு கணவனைத் தேடி ஓடி வருவார். பல்கலைக்கழகம் மட்டும் வேறு மாதிரியா இருக்கும்?

பியூலா குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். டிப்ளமோ படித்தவள். வேலையில் இருக்கும் நர்ஸுகள் வேலையை விடாமலே பட்டம் வாங்குவதற்கு ஒரு பல்கலைக்கழகம் இரண்டு வருடப் படிப்பு வைத்திருக்கிறது. சனி, ஞாயிறு பள்ளிக்கரணைப் பக்கம் நேர் வகுப்பு. மற்றப் பாடமெல்லாம் போனில். பஸ்ஸில் கேட்கலாம், சாப்பாட்டு இடைவேளையில் கேட்கலாம், வெண்டைக்காய் நறுக்கும்போதும் கேட்கலாம். வார்டில் செய்யும் வேலையிலேயே ஒரு பகுதியைப் பயிற்சியாக எடுத்துக்கொள்வார்களாம். நான் படித்த காலத்தில் கல்லூரிக்கு ஒரு கேட் இருந்தது. பத்து மணிக்கு மூடினால் வெளியே நிற்பவன் வெளியேதான். இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கேட்டே இல்லை. இல்லாத கேட்டை நான் எப்படி மூடுவது? கையில் இருந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

ஏன் மூட வேண்டும் என்று என்னையே கேட்டிருக்கிறேன். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று ஒருநாள் இருபது நிமிடம் யோசித்தேன். பொறாமையா? இருக்கலாம். அடுத்த மே மாதம் எனக்கு ஓய்வு. நான் மாலையும் பழத்தட்டுமாக வீட்டுக்கு வந்து உட்காரும் நேரத்தில் அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவாள். படிப்பு முடிந்தால் ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில் டியூட்டர் வேலை. இருபது வயதுப் பெண்கள் ‘மேடம், மேடம்’ என்று பின்னால் வருவார்கள். நான் மேடத்தின் வீட்டுக்காரர். காய்கறிப் பையோடு கதவைத் திறப்பவர். அதற்கு மேல் யோசிப்பதற்குள் செங்கல்பட்டு வண்டி வந்துவிட்டது.

அவள் தரப்பு எனக்குத் தெரியாததல்ல. முதல் நாளே சொல்லிவிட்டாள்.

“ஆஸ்பத்திரி மூணு மாடிங்க. லிஃப்ட் பேஷண்டுக்கு. என் முட்டி இன்னும் ரெண்டு வருஷம்தான் தாங்கும். படிப்பும் ரெண்டே வருஷம்.”

இதற்கு நியாயமான பதில் கிடையாது. அதனால்தான் ஆலோசனைக்குப் போனேன்.

பக்கத்து வீட்டு கிபாயத்துல்லா பாய்க்கு இரும்புலியூரில் மெத்தைக் கடை. சர்க்கரை வியாதிக்காரர். வீட்டில் அவர் மனைவி ஜெய்னப் அவருக்குக் கொடுப்பது கேழ்வரகும் கீரையும். அந்தத் துயரத்தை முகத்தில் சுமந்துகொண்டு தினமும் ஐந்தரை மணிக்குப் பொன்னுரங்கம் டீக்கடைக்கு வருவார். அன்று நான் வடை வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

“இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க, வேதம் சார். இல்லைன்னா சண்டை வரும். சண்டை வந்தா நீங்க தோத்துடுவீங்க.”

“அப்ப போட்டுடவா?”

“அவசரப்படாதீங்க. பார்க்கலாம்னு சொல்லுங்க. நாளைக்கு மறுபடி வாங்க, பேசுவோம். வடை நல்லா இருக்கு.”

“இன்னா பாய், இன்னொண்ணு வெக்கட்டா? சூடா கீது,” என்றார் பொன்னுரங்கம்.

“சார் சொன்னா சரி.”

சார் சொன்னேன். வக்கீலுக்கு ஃபீஸ் என்று நினைத்துக்கொண்டேன். வடையும், இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீயும்.

மறுவாரம் பியூலா கேட்டாள்.

“ஃபாரம் படிச்சீங்களா?”

“பரிசீலனையில இருக்கு.”

“சந்தேகம் இருந்தா கேளுங்க. விளக்கிச் சொல்லணும். அது என் கடமை.”

“எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.”

“சரிங்க,” என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, முறைக்கவில்லை. வற்புறுத்தாத மனைவியை எதிர்த்து நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மூடாத கதவைத் தோளால் இடித்தவன் மாதிரி நான் உள்ளே போய் விழுந்தேன்.

அடுத்தது நிபந்தனைகள். இது பாயின் யோசனை. யோசனை உருவாக நான்கு மாலையும் பன்னிரண்டு வடையும் ஆயின. அலுவலகத் தாளில் வரிசை எண் போட்டு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு தவறக் கூடாது. சாப்பாட்டு மேஜையில் புத்தகம் கூடாது. தினமும் மாலையில் என்னோடு பத்து நிமிடமாவது உட்கார்ந்து பேச வேண்டும்.

பியூலா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தாள். அவள் எதையும் முழுதாகத்தான் படிப்பாள்.

“மீன் குழம்பு சரி. சர்ச் முடிஞ்சதும் மீன் வாங்கி, கழுவி, மசாலா கூட்டி, கொதிக்க வெச்சுருங்க. நான் வகுப்பு முடிஞ்சு வந்து இறக்கறேன்.”

“அப்ப நீ என்ன செய்யறே?”

“இறக்கறேன்னு சொன்னேனே.”

“புத்தகம்?”

“சாப்பாட்டு மேஜையில கூடாது, சரி. நீங்கதான் மேஜையில சாப்பிடறீங்க. இனி அதுல நான் படிக்கறேன். நீங்க ஹால்ல உக்காந்து சாப்பிடுங்க.”

மூன்றாவது நிபந்தனையை மட்டும் வார்த்தை மாறாமல் நிறைவேற்றினாள். தினமும் ஏழு மணிக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு நோட்டு.

“இன்னைக்கு எங்க போனீங்க?”

“பொன்னுரங்கம் கடைக்கு.”

“பாய் வந்தாரா?”

“வராம?”

“என்ன சாப்பிட்டார்?”

“மூணு மசால் வடை. நான் ரெண்டு.”

“டீயில சர்க்கரை?”

“ரெண்டு கரண்டி. எதுக்கு கேக்கறே?”

“பேசணும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க.”

சரிதான் என்று பட்டது. என் நாளைப் பற்றி இவ்வளவு அக்கறையாக அவள் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. நான் உற்சாகமாகிவிட்டேன். கேட்காததையும் சொன்னேன். வியாழக்கிழமை போண்டா, வெள்ளிக்கிழமை இரண்டு ஜிலேபி, பாய் விரலைக்கூட நக்கினார் என்பதுவரை. அவள் எழுதிக்கொண்டாள். கணவன் பேசுவதைக் குறிப்பெடுக்கும் மனைவியை நான் வேறு எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. படிப்பால் அப்படியும் ஒரு நன்மை போலிருக்கிறது என்றுகூட ஒரு மாலை நினைத்தேன். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. போட்டுவிட்டால் கேட்பதை நிறுத்திவிடுவாளோ என்று ஒரு பயம்.

இப்படியே செப்டம்பர் பாதி ஆகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பியூலா சொன்னாள்.

“நாளைக்குக் காலையில எங்க ஈவ்லின் மேடம் ஹோம் விசிட் வர்றாங்க. ஃபாரம் விஷயமாவும் உங்களைக் கேப்பாங்க. போடறதோ விடறதோ, நாளைக்குச் சொல்லிடுங்க.”

பல்கலைக்கழகமே என் வாசலுக்கு வருகிறது. சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, பேனாவைப் பையில் குத்தி, ஹாலில் உட்கார்ந்தேன். பத்து மணிக்குப் பியூலாவும் மேடமும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இறங்கி, நேரே பாய் வீட்டுக்குள் போனார்கள். பெரிய மனிதரைப் பார்க்குமுன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம்தான் என்று இருந்தேன். அரை மணி கழித்து இங்கே வந்தார்கள். பின்னால் பாயும் வந்தார், தரையைப் பார்த்துக்கொண்டே.

ஈவ்லின் மேடத்துக்கு நாற்பது வயதுகூட இருக்காது. என் மனைவிக்குப் பாடம் எடுக்கிறவர். ஃபைலைத் திறந்தார்.

“சார், உங்க முடிவு என்ன?”

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

“மேடம், எனக்கு ஆட்சேபணை இருக்கு.”

“தாராளமா. எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?”

“இந்த வயசுல இவ படிக்கறதுக்கு.”

மேடம் பியூலாவைப் பார்த்தார். பியூலா ஜன்னலைப் பார்த்தாள்.

“சார், அட்மிஷன் ஜூலையிலயே முடிஞ்சுது. முதல் செமஸ்டர் பாதி தாண்டியாச்சு. நாங்க கேக்கறது அவங்க வேலை பார்க்கற ஆஸ்பத்திரி லெட்டர்தான். வீட்டுக்காரர் கையெழுத்து எதுக்கு?”

“அப்ப இந்தப் படிவம்?”

“இது கேஸ் ஸ்டடிக்கான சம்மதம். ஒவ்வொரு மாணவியும் ஒரு நோயாளியை மூணு மாசம் வீட்ல போய்க் கவனிச்சு ரிக்கார்டு எழுதணும். இன்டர்னல் மார்க்ல பாதி இதுக்குத்தான்.”

உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக நான் பிடித்துத் தொங்கிய கயிற்றின் மறுமுனை எதிலும் கட்டப்படவில்லை. ஆனால் முப்பத்தொரு வருட அனுபவம் சும்மா போகாது. ஒரு நிமிடத்தில் கணக்கு விளங்கிவிட்டது. தினமும் பத்து நிமிடம். மடியில் நோட்டு. என் வடை, என் டீ. எனக்கோ ஆறு வருடமாக ரத்த அழுத்தம். அந்த நோயாளி நான்தான். நான் இல்லாமல் கேஸ் இல்லை. கேஸ் இல்லாமல் மார்க் இல்லை. இழந்த அதிகாரம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றாமல் மறுபடி பையில் வைத்தேன்.

“கேஸ் ஸ்டடிக்கும் எனக்குச் சம்மதம் இல்லை.”

சொல்லிவிட்டேனே தவிர அவள் முட்டி ஞாபகம் வந்தது. வெற்றி இவ்வளவு அசௌகரியமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போட்டிருப்பேன்.

“பரவாயில்லைங்க,” என்றாள் பியூலா. “சம்மதிக்காதது உங்க உரிமை. ரெண்டாம் பக்கத்துல அதுவும் எழுதியிருக்கு.”

“அப்ப கேஸுக்கு என்ன பண்ணுவே?”

“கேஸ் இருக்கே. பாய்தான் கேஸ். அவர் முதல் வாரமே கையெழுத்துப் போட்டாச்சு.”

பாயைப் பார்த்தேன். அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

“பாய், உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும், சார்.”

“தெரிஞ்சா எங்கிட்ட சொல்ல வேணாமா?”

“சிஸ்டர் படிப்பை எப்படி நிறுத்தறதுன்னுதான் கேட்டீங்க. ஃபாரம் என்னன்னு ஒருநாளும் கேக்கலையே. அதுவுமில்லாம நீங்க கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் டீக்கடைக்கு எதுக்குக் கூப்பிடப் போறீங்க?”

பியூலா நோட்டைப் பிரித்தாள். வார்டில் டாக்டரிடம் சொல்வாளே, அந்தக் குரல்.

“மாத்திரை சரியா போடறார். ஜெய்னப் அக்கா சாப்பாடும் சரி. வாரா வாரம் போய்ப் பார்க்கறேன், சர்க்கரை இறங்கவே இல்லை. காரணம் புரியாம ஒரு மாசம் தவிச்சேன், மேடம். அப்புறம் இவர்தான் உதவி பண்ணார். தேதி, நேரம், எத்தனை வடைன்னு ஒண்ணு விடாம சொன்னார்.”

“நோயாளியோட அக்கம்பக்கத்துக்காரங்களும் ரிக்கார்டுல வருவாங்க, அதனால ஆரம்பத்துலயே சாரோட சம்மதமும் கேட்டோம்,” என்றார் ஈவ்லின் மேடம். “சம்மதம் இல்லன்னா பேரை எடுத்துடணும். அவ்வளவுதான்.”

பேனா இல்லாமல் பியூலா தேடினாள். நானே என் பேனாவைக் கொடுத்தேன். ஒரு பெயரை நேர்க்கோடாக அடித்து, மேலே ஏதோ எழுதினாள். மேடம் திருத்தியதை வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

“நோயாளியின் சுற்றுச்சூழலில் உள்ள பாதகங்கள். ஒன்று, காலி மனையில் தேங்கிய மழைநீர். இரண்டு, கொசு. மூன்று, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்.”

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லா வந்திருக்கு, பியூலா. முதல் ரெண்டுக்கும் மருந்து அடிக்கச் சொல்லிடலாம். மூணாவதுக்கு என்ன பண்ணப் போறீங்க?”

“இருபத்தெட்டு வருஷமா பார்த்துக்கிட்டுதான் இருக்கேன், மேடம். அது ஒண்ணும் பண்ணாது.”