வந்தவர் எத்தனை, தங்கியவர் எத்தனை

பெட்டியில் துணி அடுக்குவது மனைவி. மூன்று வருடமாக அதே பெட்டி, அதே ஏரிக்கரை ஊருக்கு; இன்னும் போய்ச் சேர்ந்தபாடில்லை. கணவர் எங்கே என்கிறீர்களா? அதே அறையில், மூலை மேசையில், அந்த வட்டாரத்துச் சுற்றுலாப் புள்ளிவிவரம் தேடிக்கொண்டிருக்கிறார். இவர்தான் புள்ளிவிவரப் பயணி. எல்லா ஊரிலும் வசிப்பார். எந்த ஊருக்கும் போகமாட்டார்.

நாமெல்லாம் குளிருமா, சாப்பாடு கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். இவருக்கு எந்த மாதம் கூட்டம் குறைவு என்று ஆதாரத்தோடு தெரிந்தாக வேண்டும். சுற்றுலாத் துறையின் பக்கத்தைத் திறந்தால் மாநிலம் முழுவதற்கும் ஒரே கணக்கு இருக்கும், வட்டாரவாரிக் கணக்கைத் தட்டினால் திறக்காது, திறந்தால் அரதப்பழசாக இருக்கும், புதிதாக இருந்தாலோ ‘தற்காலிகமானது’ என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். விடுவாரா? துறைக்கே போன் போடுவார்.

“சார், இது வந்தவங்க கணக்கா, தங்கினவங்க கணக்கா?”

போனை வைத்துவிடுவார்கள். பாவம், அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறதே.

இந்த வித்தியாசம் இவருக்கு உயிர். ஒரு ராத்திரியாவது தங்காதவன் பயணியே இல்லையாம். மனைவியின் அண்ணன் ஒருநாள் சாப்பிட வந்துவிட்டுக் கிளம்பியபோது, “நீங்க தங்கலையே மச்சான், கணக்குல வரமாட்டீங்க” என்றார். மனிதர் அதன்பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

“லீவுக்கு மேனேஜர்கிட்ட தொங்கினது நான்,” என்றாள் மனைவி, ஸ்வெட்டரைத் திணித்தபடி. “இந்த வருஷமாவது அந்த ஏரியைக் கண்ணால பாக்கணும்.”

“அவசரப்படாதம்மா. போன வருஷக் கணக்கு வந்துரட்டும். கூட்டத்துல போய் மாட்டிக்கிட்டா?”

“நீங்க வராம இருந்தாலே ஒரு ஆள் குறைஞ்சிருமே.”

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். அந்த ஏரிக்கரைக்கு அப்படி எத்தனை பேர்தான் போகிறார்கள் என்று இதற்குள் உங்கள் மனதின் ஓரத்தில் அரித்ததா, இல்லையா? அரித்திருந்தால், உங்கள் வீட்டில் யாராவது துணி அடுக்குகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுங்கள்.

இங்கே பெட்டியைப் பூட்டியாகிவிட்டது.

“வண்டி வாசல்ல நிக்குது. என்னங்க, வர்றீங்களா இல்லையா?”

திரையில் ஏதோ ஓர் அட்டவணை மெல்லத் திறந்துகொண்டிருந்தது. அவர் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். மனைவி அவருடைய டிக்கெட்டை மேசைமேல் வைத்தாள். பறக்காமலிருக்க அவருடைய காப்பித் தம்ளரை அதன்மேல் நகர்த்தினாள். பெட்டியை இழுத்துக்கொண்டு அறையைவிட்டு வெளியேறினாள்.