மீட்டருக்குத் தெரியாத நாலு பல்

எனக்கு எதிராக நானே வாதாடி ஜெயித்த வழக்கு ஒன்று உண்டு. அதில் தோற்றவனும் நான்தான் என்பதால் வெளியே அதைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டில் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதை நிறுத்த எந்தக் கோர்ட்டிலும் தடையுத்தரவு கிடைக்காது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பௌதிகத்தில் பட்டம் வாங்கி, கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் அப்பா அம்மாவுடன் இருந்தேன். (வேலை இல்லாதவன் என்பதை இவ்வளவு நீளமாகவும் சொல்லலாம்.) முதல் வகுப்பில் தேறியதற்காக அப்பா எனக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கித் தந்திருந்தார். மலையில் தேயிலைத் தோட்டத்து ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடைய வண்டி அது.

அதில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் ஸ்பீடோமீட்டர். பெட்ரோல் டாங்குக்கு முன்னால் சுவர்க் கடிகாரத்தின் தம்பிபோல் உட்கார்ந்திருக்கும். அப்பா பின்சீட்டில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எத்தனைடா?" என்று காற்றில் கத்துவார். நான் முள்ளைப் பார்த்து, "இருபத்தெட்டு!" என்பேன். "அப்படின்னா சரி" என்று சமாதானமாகிவிடுவார். தன் பிள்ளை சொன்னால்கூட நம்பியிருக்க மாட்டார். மீட்டர் சொன்னதால் நம்பினார்.

ஒரு நாள் சாயங்காலம் தனியாகப் பழவங்காடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வளைவு வந்தது. சட்டென்று ஒரு போலீஸ்காரர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுரோட்டில் குதித்தார். இருக்கிற பிரேக்கையெல்லாம் பிடித்தேன். முன்சக்கரம் அவருடைய பெல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

நரைத்த மீசை. தோவாளைப் பக்கத்து மனிதர். பெயர் ஆறுமுகம் பிள்ளை என்று பிறகு தெரிந்தது.

"முப்பது மைல்ல வாறீரே சாமி! ஊருக்குள்ள இருபத்தஞ்சுதான், தெரியாதா?"

"இருபத்து நாலு!" என்றேன். "வேணும்னா மீட்டரைப் பாரும்!"

அவர் குனிந்து பார்த்தார். நின்றுவிட்ட வண்டியின் மீட்டர் என்ன காட்டுமோ அதைக் காட்டியது.

"இதுல ஒண்ணும் இல்லியே" என்றார்.

வந்த வழியே என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழக்குப் பதிவாயிற்று.

"அபராதத்தைக் கட்டிட்டு வந்துடுடா மணி" என்றார் அப்பா. எனக்கு அது ஒப்பவில்லை. வேலை மனுவில், 'கோர்ட்டில் தண்டனை பெற்றதுண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு 'இல்லை' என்று எழுதியாக வேண்டும். வக்கீலும் வேண்டாம் என்றேன். பௌதிகம் இருக்கையில் வக்கீல் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, சங்கிலியை அவிழ்த்து, சக்கரத்தின் சுற்றளவை நூல் பிடித்து அளந்து, ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் எத்தனை பல் என்று எண்ணி நோட்டில் எழுதினேன். அந்த வண்டியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் திருவிதாங்கூரில் இல்லை என்ற தீர்மானத்தோடு கோர்ட்டுக்குப் போனேன். அப்பா கடைசி பெஞ்சில் குடையோடு உட்கார்ந்தார்.

மாஜிஸ்திரேட் மலையாளி. மதராஸில் படித்தவராதலால் தமிழும் பேசுவார். ஆறுமுகம் பிள்ளையை நானே குறுக்கு விசாரணை செய்தேன்.

"உம்மிடம் கடிகாரம் இருந்ததா?"

"இல்லை."

"பின்னே முப்பது மைல்னு எப்படித் தெரியும்?"

"எண்ணினேன் சாமி. முன்னால போலீஸ் பேண்டுல டிரம் அடிச்சவன் நான். நிமிஷத்துக்கு நூத்தி இருபது அடி. வண்டி வந்தா கை தானா தொடையில தட்டும். ரெண்டு விளக்குக் கம்பத்துக்கு இடையில நாப்பத்து நாலு கஜம். நீரு ஆறு அடியில தாண்டிட்டீரு."

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இவர் தாளத்தை இங்கேயே சோதித்துப் பார்க்க வேண்டும்" என்று கோரினேன். (யாரும் கேட்காத கோரிக்கை. பிராசிக்யூஷன் தரப்புக்கே அது தோன்றவில்லை.) மாஜிஸ்திரேட் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். ஆறுமுகம் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சாட்சிக் கூண்டின் கட்டையில் விரலால் தட்டினார். ஒரு நிமிஷம். குமாஸ்தா எண்ணினார்.

நூற்று இருபது.

மூன்று விநாடியில் நாற்பத்து நாலு கஜம் என்றால் மணிக்கு முப்பது மைல். இதை மனசுக்குள் போட்டுப் பார்க்க எனக்கு நேரமாகவில்லை. புத்தியுள்ளவன் அங்கேயே வாயை மூடியிருப்பான்.

நான் கியருக்குப் போனேன்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, அப்போது வண்டி இரண்டாம் கியரில் இருந்தது. இரண்டாம் கியரில் எஞ்சின் அதிகம் சுற்றும், சக்கரம் குறைவாகச் சுற்றும். சத்தம் பெரிசு, வேகம் சிறிசு. சாட்சி சத்தத்தைக் கேட்டு ஏமாந்துவிட்டார். இதோ, கம்பெனி கொடுத்த புத்தகம். எஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றினால், இரண்டாம் கியரில் வண்டி இருபத்து நாலு மைல்தான் போகும். மூவாயிரத்துக்கு மேல் நான் அந்த எஞ்சினை விரட்டுவதில்லை. மீட்டரும் இருபத்து நாலுதான் காட்டியது."

மாஜிஸ்திரேட் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அவருக்குக் கணக்கில் ருசி உண்டு என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இந்த மீட்டருக்கு வேகம் எவிடேர்ந்து கிட்டுது?"

"கியர் பாக்ஸிலிருந்து. ஒரு கம்பி வழியாக."

"அப்போ சக்கரத்தை அது நேரிட்டுக் காணுவதில்லை, அல்லே?"

"இல்லை. கியர் பாக்ஸின் பல்சக்கரத்திலிருந்து சங்கிலி பின்சக்கரத்துக்குப் போகிறது. அந்தக் கணக்கை வைத்து மீட்டர் காட்டும்."

"அந்தப் பல்சக்கரத்துக்கு எத்தர பல்?"

"இருபது!" என்றேன் பெருமையாக. "நானே எண்ணினேன்."

அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். "இதில் பதினாறு என்றல்லே கிடக்குது?"

பார்த்தேன். பதினாறுதான்.

"நாலு பல் கூடின விவரம் மீட்டருக்குத் தெரியுமோ?"

அந்த நிமிஷத்தில்தான் வண்டியை விற்ற பெரியவர் என் கண்முன் வந்தார். சாவியைக் கொடுக்கும்போது வாய் நிறையச் சிரித்து, "பல் மாத்தியிருக்கேன். இனிமே பாரும் வேகத்தை!" என்றார். பளபளவென்று புதுப் பல்செட் வைத்திருந்தார். நான் அவர் வாயைப் பார்த்து, "ரொம்ப நன்னா இருக்கு மாமா, உங்களுக்குப் பொருத்தமா இருக்கு" என்று பாராட்டிவிட்டு வந்தேன்.

"கணக்குப் போட்டுச் சொல்லணும்" என்றார் மாஜிஸ்திரேட்.

பதினாறுக்குப் பதில் இருபது. கியர் பாக்ஸ் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் முன்னைவிடக் கால் பங்கு அதிகம் சுற்றும். மீட்டருக்கு அது தெரியாது. அது பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். இருபத்து நாலும் அதில் காலும்.

"முப்பது" என்றேன்.

கடைசி பெஞ்சில் ஒரு குடை தரையில் 'டொக்' என்று தட்டியது.

"டேய் மணி! அன்னிக்குக் கழக்கூட்டம் ரோடுல போறச்சே நாப்பதுன்னியே! அப்போ அது எத்தனைடா?"

கோர்ட்டில் குறுக்கே பேசியதற்காக மாஜிஸ்திரேட் அப்பாவை அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என்னைப் பார்த்து, "அச்சன் கேட்டதுக்குப் பதில் சொல்லணும்" என்றார்.

"அம்பது, அப்பா."

அப்பா உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கூண்டு வரை கேட்டது.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. "இந்தக் கோர்ட்டில் எத்தனையோ பிரதிகளைக் கண்டிருக்கிறேன். போலீஸுக்கு இத்தர உபகாரம் செய்த பிரதியைக் காணுவது இது ஆத்யம்." (பிரதி என்றால் மலையாளத்தில் குற்றம் சாட்டப்பட்டவன், ஆத்யம் என்றால் முதல் தடவை.) இருப்பதிலேயே குறைந்த அபராதம் விதித்தார். மீட்டரைச் சரிசெய்யும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்றும் உத்தரவிட்டார்.

வெளியே வந்தால், வராந்தாவில் அப்பா ஆறுமுகம் பிள்ளையுடன் பேசிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் சரி. அம்பது அடி தள்ளி நின்னு கையைக் காட்டப்படாதா? எதுக்குக் குறுக்கே சாடினீர்? உம்ம மேலே ஏத்தியிருந்தான்னா?"

"வேற வழியில்ல சாமி. வளைவுக்கு அந்தப் பக்கம் காளை வண்டி ஒண்ணு அச்சு முறிஞ்சு குறுக்கால கெடந்துது. வண்டிக்காரனும் பெண்டாட்டியும் கைப்பிள்ளையோட அங்ஙனயே உக்காந்திருந்தாவ. ஆறு எண்ணினதும் தெரிஞ்சு போச்சு, இவரு நிக்க மாட்டாருன்னு. சாடிட்டேன்."

நான் அந்த வளைவைத் தாண்டவேயில்லை. அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"இதை ஏன் கோர்ட்டில் சொல்லலை?" என்றேன்.

"கேஸு வேகத்துக்குத்தானே? அதை யாரும் கேக்கல்லியே."

அரை மணி நேரம் அவரைக் குறுக்கு விசாரணை செய்தவன் நான். கடிகாரம், தாளம், சத்தம் எல்லாம் கேட்டேன். உயிரைக் கொடுக்கத் துணிந்து ஏன் குதித்தீர் என்று மட்டும் கேட்கவில்லை. அப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அன்று காலை முழுவதும் வாய் ஓயாமல் பேசிய எனக்கு நன்றி என்ற ஒரு வார்த்தை வரவில்லை. கைதான் கூப்ப முடிந்தது. அவர் கூச்சப்பட்டு, "நல்ல கணக்கு போட்டீரு சாமி" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மனுவில் 'தண்டனை உண்டு' என்றே எழுதினேன். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றிக் கேட்டார்கள். கரும்பலகையில் பதினாறையும் இருபதையும் எழுதி விளக்கினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு, கருவி தப்புச் சொல்லும் என்று கற்றுக்கொண்டவன் லேபரட்டரிக்குத் தேவைதான் என்று வேலையையும் கொடுத்தார்கள். ஆறுமுகம் பிள்ளை என் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தார். அவர் இருந்தவரை ஒவ்வொரு ஓணத்துக்கும் அவர் வீட்டுக்குப் போய்வந்தேன். அந்த வண்டிக்காரரின் பெயரைத்தான் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது ஐம்பது வயதாவது ஆகியிருக்கும். எங்கேயோ சௌக்கியமாக இருக்கட்டும்.

வீட்டில் மட்டும் எனக்கு மன்னிப்பு இல்லை. அன்று முதல் நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் கால் பங்கைக் கூட்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. "பத்து நிமிஷத்தில் வரேன்" என்று நான் செருப்பை மாட்டினால், அப்பா உள்ளே பார்த்து, "பன்னிரண்டரைன்னு வெச்சுக்கோ" என்பார். அப்பாவுக்குப் பிறகு அந்தப் பொறுப்பை என் மனைவி ஏற்றுக்கொண்டாள்.

போன வாரம் ஒரு புது டாக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"காபிக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டார் டாக்டர்.

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டரை" என்றாள் இவள்.

"வயசு?"

"எழுபத்திரண்டு."

"தொண்ணூறு" என்றாள், கண்ணிமைக்காமல்.

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் திருத்தவில்லை. ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொண்டேன்.