நாற்பத்தோராவது காயம்

எங்கள் சான் கயெதானோ பஸ்ஸும் ஒரு சிமெண்ட் லாரியும் மலைத் திருப்பத்தில் நேருக்கு நேர் மோதிக்கொண்டதில், கடவுள் புண்ணியத்தில் ஒருவரும் சாகவில்லை. அறுபத்து மூன்று பேருக்குக் காயம். அரசாங்கத்துக்கு இந்த எண்ணிக்கைதான் பிடிக்கவில்லை.

கனரக வாகன விபத்துக் காயச் சான்றிதழ் அலுவலகத்தில் அதிகாரி ஒப்துலியோ முத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு எங்களை வருத்தத்தோடு பார்த்தார்.

"நாப்பது பேர் போக அனுமதி உள்ள பஸ். அதுல எப்படி அறுபத்து மூணு பேருக்கு அடிபடும்?"

"ஏறினோம், பட்டுச்சு."

"ஏறியிருக்கவே முடியாது. சட்டம் அனுமதிக்கல."

படிவத்திலும் நாற்பது வரிகள்தான் இருந்தன. வரிசையில் முதலில் நின்ற நாற்பது பேர் பஸ்ஸில் இருந்தவர்கள், மற்றவர்கள் இல்லாதவர்கள் என்று தீர்ப்பாயிற்று. நான், முடிதிருத்தும் வெனான்சியோ, பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனவன். நெற்றியில் நாலு தையலோடு விடியற்காலையே ஓடிவந்து நின்றதால் பதினேழாம் இருக்கையில் உட்கார்ந்து போனவன் ஆனேன். சந்தையில் வெங்காயம் விற்கும் எர்மெலிந்தா அக்கா உண்மையிலேயே ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வர நேரமாகிவிட்டது, பாவம். நாற்பத்தோராவது ஆள்.

"ஐயா, மணிக்கட்டு ரெண்டா போயிருக்கு. சான்றிதழ் இல்லாம பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ண மாட்டாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள தகடு வைக்கலேன்னா கோணலா ஒட்டிக்கும்னு டாக்டர் சொல்றார். அப்புறம் நான் எந்தக் கையால மூட்டை தூக்குவேன்?"

"உங்க வலியை மதிக்கிறேன், அம்மா. ஆனா பஸ் நிறைஞ்சுபோச்சு. இவங்கள்ல யாராவது விட்டுக் கொடுத்தா உங்களை ஏத்திக்கலாம்."

அக்கா எங்களைப் பார்த்தாள். நாங்கள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தோம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தையல் பிரிக்கவும் சான்றிதழ் கேட்பார்களே! மீதி இருபத்திரண்டு பேர் காயமில்லாதவர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அக்கா மட்டும் நாற்காலியை விட்டு நகரவில்லை.

ஒப்துலியோ கல்நெஞ்சக்காரர் இல்லை. காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தவர் முகம் திடீரென்று மலர்ந்தது.

"லாரியில இடமிருக்கு!"

"என்னது?"

"லாரியில ரெண்டு இருக்கை. டிரைவர் ஓடிப்போயிட்டான். பக்கத்து இருக்கை காலி. அதுல ஒரு காயம் தாராளமா வைக்கலாம். நீங்க லாரியிலதான் வந்தீங்கன்னு ஒரு சாட்சி போதும்."

"நான் ஜென்மத்துல லாரி ஏறினதில்லையே!"

"மணிக்கட்டு வேணுமா, வேணாமா?"

காலண்டரைப் பார்த்த பாவத்தைத் தீர்க்க நான்தான் சாட்சிக்குப் போனேன். பஸ்ஸிலிருந்தபடி லாரிக்குள் எப்படிப் பார்த்தாய் என்று அதிகாரி கேட்டார். மோதுகிற நேரத்தில் ரொம்பக் கிட்டத்தில் தெரிந்தாள் என்றேன். பதில் திருப்திகரமாக இருந்ததாகக் குறித்துக்கொண்டு முத்திரை குத்தினார். வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் அடிபட்டவர்கள் சும்மா படுத்திருப்பது நாகரிகமில்லை. நாங்கள் நாற்பது பேரும் 'லாரி வன்முறையால் பாதிக்கப்பட்டோர் சங்கம்' ஆரம்பித்தோம். வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டோம். மாதாகோயிலிலிருந்து நகராட்சி வரை ஊர்வலம் போனோம். லாரியில் இருந்தவர்களைச் சும்மா விடக்கூடாது என்று மனு தயாரானது. டிரைவரின் பெயர் யாருக்கும் தெரியாது. அதிகாரபூர்வமாகக் கிடைத்த பெயர் ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா பாவங்க," என்றேன்.

"பாவமா? முத்திரை குத்தின காகிதத்துல இருக்கு. நீதானே சாட்சி!" என்றார் சங்கத் தலைவர். பஸ்ஸில் அக்காவின் வெங்காயக் கூடைமேல் உட்கார்ந்து வந்தவர் அவர்.

நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சி பின்வாங்கினால் அசிங்கமில்லையா? அதற்கப்புறம் சந்தையில் அவளிடம் வெங்காயம் வாங்குபவர்கள் குறைந்துபோனார்கள். என் கடையில் முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள், அவள் எவ்வளவு வேகமாக வந்தாள் என்று என்னைக் கேட்டார்கள். முதலில் மழுப்பினேன். பிறகு ரொம்ப வேகம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே கண்ணுக்குள் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கடை வழியாகப் போனேன். தனியாக உட்கார்ந்து, தகடு வைத்த கையால் வெங்காயச் சருகை உதறிக்கொண்டிருந்தாள். நெற்றித் தழும்பு அரித்தது. கோபம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"ஏன்க்கா, எதிர்ல இத்தனை ஜனம் வர்றது தெரிஞ்சும் கொஞ்சம் பிரேக் போட்டிருக்கக் கூடாதா?"

அக்கா நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"போட்டேன்டா வெனான்சியோ. உள்ளே இருந்தது நீங்கன்னு தெரியாம போட்டுட்டேன்."