முள்ளு எழும்பாத டிராக்டரும் முழு நாள் திருத்தின நானும்

முந்தாநாள் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. டிராக்டரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவேணும். அஞ்சு நிமிச வேலை.

டிராக்டர் என்ர மனிசி சுகந்தியின்ர. அவவின்ர அப்பா விட்டிட்டுப் போனது. எங்கள் ரெண்டு பேரையும் விட அதுக்கு வயசு கூட.

கந்தளாயில அவவின்ர தம்பி ரவிக்கு வயல் இருக்கு. குளத்துத் தண்ணி திறந்தாச்சு, உழுறதுக்கு வேற மெசின் ஒண்டும் கிடைக்கேல்லை.

"அத்தான், நாளைக்குக் காலமை டிராக்டர் வரும்தானே?" எண்டு போனில கேட்டான்.

"நீ பயப்படாதை, நான் இருக்கிறன்" எண்டனான்.

பயப்பட்டிருக்கலாம்.

அன்புவழிபுரத்தில எங்கட வளவுக்க வைச்சு ஸ்டார்ட் பண்ணினன். எஞ்சின் நல்லா ஓடுது. ஆனா ஓயில் பிரஷர் காட்டுற மீட்டரில முள்ளு சைபரிலயே படுத்திருக்குது!

"சுகந்தி, முள்ளு எழும்பேல்லை!"

அவ குசினிக்குள்ள இருந்து ஓடி வந்தா. "நிப்பாட்டுங்கோ! ஓயில் ஏறாமல் ஓடினால் எஞ்சின் இறுகிப்போம்!"

நிப்பாட்டினன்.

"நஸீர் நானாவைக் கூப்பிடுவம்" எண்டா. நஸீர் நானா கிண்ணியாவில பழைய டிராக்டர் திருத்திறவர். இதை மாமா காலத்தில இருந்து பார்க்கிறவர்.

"இதுக்குப் போய் அவரை ஏன் கரைச்சல்படுத்துவான்? நான் வீடியோ பார்த்தனான்."

சுகந்தி கையைக் கட்டிக்கொண்டு நிண்டா. கலியாணம் கட்டின நாள் தொட்டு அந்த நிப்பு எனக்குத் தெரியும்.

ஓயில் தண்ணியாப் போனால் பிரஷர் குறையும் எண்டு வீடியோக்காரன் சொன்னவன். சரி, பழைய ஓயிலை இறக்குவம் எண்டு கையில அம்பிட்ட பேசினைக் கீழ வைச்சன்.

"ஐயோ, அது நான் உடுப்புத் தோய்க்கிற பேசின்!"

"கழுவித் தாறன்."

பேசின் நிறைஞ்சுது. எஞ்சினுக்குள்ள இன்னும் ஓயில் இருந்துது.

மிச்சத்தை நான் கட்டியிருந்த சறமும் முத்தத்து மண்ணும் குடிச்சுது.

டவுனுக்கு ஓடிப்போய்த் தடிச்ச ஓயில் வாங்கி வந்து ஊத்தினன். திரும்ப ஸ்டார்ட் பண்ணினன். முள்ளு அசையேல்லை.

"இப்ப கூப்பிடட்டோ?"

"கொஞ்சம் பொறும்!"

அடுத்த வீடியோ. எஞ்சின்ர பக்கத்தில ஒரு வால்வு இருக்காம், உள்ள இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்தால் பிரஷர் நிக்காதாம். ஸ்பானரைப் போட்டு மூடியைத் திருகினன். மெதுவாத் திருகச் சொல்லி அந்த மனுசன் வீடியோவின்ர கடைசியிலதான் சொல்லியிருக்கிறான்.

டிங்!

ஸ்பிரிங் என்ர காதுக்குப் பக்கத்தால பறந்து செவ்வரத்தை வேலிக்குள்ள போச்சு. எங்கட ஊரில மாடு மாதிரித் தெருவில திரியிற மான் ஒண்டு அங்க இலை திண்டுகொண்டு நிண்டது, நிமிர்ந்து என்னைப் பார்த்துது. பிறகு சுகந்தியைப் பார்த்துது. பிறகு அது போயிட்டுது.

"மான் விழுங்கியிருக்குமோ?"

"மானுக்கு அறிவிருக்கப்பா."

முழங்காலில நிண்டு தேடத் தொடங்கினன். அந்த நேரம் பார்த்து ரவி போன் எடுக்கிறான்!

"அத்தான், எல்லாம் ரெடிதானே?"

"ஓம் ஓம், சும்மா ஒரு சர்விஸ்."

சொல்லிப்போட்டுத்தான் யோசிச்சன். தண்ணி நிக்கிற நேரம் உழாட்டி அவனுக்கு இந்தப் போகமே இல்லை. என்ர வாயை நம்பி அவன் வேற மெசின் தேடுறதையும் விட்டிட்டான்.

"நானாவைக் கூப்பிடும்" எண்டு மெதுவாச் சொன்னன்.

"நீங்கள் பேசினைத் தூக்கேக்கயே கூப்பிட்டிட்டன். வந்துகொண்டிருக்கிறார்."

பழைய ஸ்பீக்கர்ல இருந்த காந்தத்தைக் கயித்தில கட்டி, வேலிக்குள்ள இழுத்து, ஸ்பிரிங்கையும் அவவேதான் எடுத்தா.

நானா வந்தார். எஞ்சினைப் பார்க்கேல்லை. என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்தார்.

"தம்பி, ஓயில எஞ்சினுக்கு ஊத்தினீங்களா, உங்களுக்கு ஊத்தினீங்களா?"

ஸ்பிரிங்கைப் பூட்டினார். தன்ர பையில இருந்த மீட்டர் ஒண்டை எடுத்து எஞ்சினில நேராப் பொருத்தி ஸ்டார்ட் பண்ணினார். முள்ளு சடாரெண்டு எழும்பிச்சுது!

"பிரஷர் புது மாப்பிள்ள மாதிரி நிக்கிது. எஞ்சினுக்கு ஒண்டுமில்ல. மறுகா உங்கட மீட்டர்ல ஏன் காட்டல்ல?"

எங்கட மீட்டருக்குப் பின்னால கையை விட்டுத் தடவினார். எஞ்சினில இருந்து ஓயில் வாற மெல்லிய குழாய் மடிஞ்சு, நசிஞ்சு போயிருந்துது.

"ஆரோ இந்த மீட்டரக் கழட்டிப் பூட்டியிரிக்காங்க. ஆரு?"

மூண்டு பேரும் யோசிச்சம். ரெண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு யோசிச்சினம்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டரைக் கழட்டிப் பற்பசை போட்டு மினுக்கினது நான்தான். நீங்கள் எல்லாரும் பேஸ்புக்கில "சுப்பர் அண்ணை" எண்டு போட்டீங்களே, அந்தப் படத்துக்காகத்தான்!

நானா புதுக் குழாய்த் துண்டு போட்டார். பத்து நிமிசம். தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, "தங்கச்சி, நாளைக்கு நீங்களே ஓட்டுங்க" எண்டு சொல்லிப்போட்டுப் போனார்.

நேற்றுக் காலமை கந்தளாய்க்குச் சுகந்திதான் ஓட்டினா. நான் மட்கார்டில குந்தியிருந்தன். முதல் சால் விழ, ரவி ஓடி வந்து என்ர கையைப் பிடிச்சான். "அத்தான், நீங்கள் இல்லாட்டி இது ஓடியிருக்காது!"

சுகந்தி என்னை ஒருக்காத் திரும்பிப் பார்த்தா. பேசின் கதையை எடுக்காமல் அடுத்த சாலுக்கு டிராக்டரைத் திருப்பினா. அவவுக்குப் பெரிய மனசு.

இப்ப அந்த டிராக்டரில எனக்கும் ஒரு பொறுப்பு தந்திருக்கினம். மீட்டரைப் பார்க்கிறது. தூரத்தில நிண்டு.